உடும்புப்பிடிக் கைபேசி

*ரயிலில் நகரத்தையே கடந்தாலும் அறுந்துபோகாத அழைப்பு, வீட்டுக்குள் பத்தடி நடந்தால் அறுந்துவிடுகிறது. குற்றவாளி இணையச் சேவையும் அல்ல, சுவரும் அல்ல. அது நம் கையிலேயே இருக்கிறது.*

பூன் லே நிலையத்தில் ரயில் ஏறியதும் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அழைத்தேன். இங்கே மாலை ஆறரை, கும்பகோணத்தில் நான்கு மணிக் காப்பி. ரயில் லேக்சைட், சைனீஸ் கார்டன் தாண்டி ரெட்ஹில் வரை பாலத்தின் மேலேயே ஓடியது, தியோங் பாருவுக்கு முன்னால் நிலத்துக்குள் புகுந்தது. ஊட்ரம் பார்க்கில் வடகிழக்குப் பாதைக்கு மாறினேன். லிட்டில் இந்தியாவில் இறங்கிப் படியேறி வெளியே வந்தபோதும் அம்மா கல்யாண வீட்டுச் சாம்பாரில் உப்புக் கூடிப்போன கதையை முடிக்கவில்லை. வழியில் எத்தனை கோபுரங்கள் அந்த அழைப்பைக் கைமாற்றியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரு சொல்கூட விழவில்லை.

அன்றிரவு வீடு திரும்பி மறுபடி அழைத்தேன். இப்போது வீட்டு வைஃபை. கூடத்தில் இருந்து படுக்கையறைக்குப் பத்தடி நடந்திருப்பேன். "என்னடா, குரல் வரல... கேக்குதா?" அவ்வளவுதான். திரையில் சக்கரம் சுற்றியது, அழைப்பு போய்விட்டது.

இந்த வீட்டில் ஒன்றல்ல, மூன்று வைஃபை பெட்டிகள் இருந்தன. மூன்றாவதை வாங்கிய பிறகுதான் நிலைமை மோசமானது.

இது என் ஒருவன் கதை இல்லை. 2024-ல் சிங்கப்பூர் அரசு நாடு தழுவிய இணையக் கட்டமைப்பை நொடிக்கு 10 கிகாபிட் வேகத்துக்கு உயர்த்த 100 மில்லியன் வெள்ளி வரை ஒதுக்குவதாக அறிவித்தது. வீட்டு வாசல் வரை வரும் குழாய் அகலமாகிக்கொண்டே போகிறது. வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் அடுக்குமாடி வீடு, அலுவலகம், பொருட்கிடங்கு, ஊழியர் விடுதி என்று எங்கும் கேட்பது ஒரே புலம்பல்தான்: "சிக்னல் ஃபுல்லா இருக்கு, ஆனா வேலை செய்யல."

முடிவெடுப்பது யார்?

ஒரு பெட்டியின் எல்லையில் இருந்து இன்னொன்றின் எல்லைக்கு இணைப்பு அறாமல் மாறுவதைத் துறைக்காரர்கள் ரோமிங் என்கிறார்கள். வெளிநாட்டில் சிம் கார்டுக்குக் கட்டணம் வைக்கிறார்களே, அந்த ரோமிங் வேறு. இது வீட்டுக்குள் நடக்கும் ரோமிங்.

கைபேசிக் கோபுர வலையில் இந்த மாற்றத்தைத் தீர்மானிப்பது வலைதான். கைபேசி, தனக்கு எந்தக் கோபுரம் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்று அளந்து மேலே அறிக்கை அனுப்பும். "இனி அந்தக் கோபுரத்துக்குப் போ" என்று வலை உத்தரவிடும். போகும் இடத்தில் இடமும் முன்கூட்டியே தயாராக இருக்கும். கோபுரம் மாறினாலும் கைபேசியின் இணைய முகவரி மாறாது. அதனால்தான் பூன் லேயில் தொடங்கிய பேச்சு லிட்டில் இந்தியா வரை வருகிறது.

வைஃபையில் எல்லாம் தலைகீழ். எப்போது விலகுவது, எங்கே சேர்வது என்ற இரண்டையும் கைபேசியே முடிவு செய்கிறது. 1997-ல் முதல் வைஃபை தரநிலை வந்தபோது, ஒரு மேசையில் ஒரு பெட்டி, அதைச் சுற்றிச் சில கணினிகள் என்பதுதான் கற்பனை. உரிமம் தேவையில்லாத அலைவரிசை. யார் வேண்டுமானாலும் பெட்டி வைக்கலாம். நாட்டாமை செய்ய ஆள் கிடையாது. நாட்டாமை இல்லாத ஊரில் அவரவர் முடிவு அவரவருக்கு.

இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாமல்தான் நாம் பெட்டி மேல் பெட்டியாக வாங்கிக் குவிக்கிறோம். முடிவெடுக்கும் அதிகாரம் கைபேசியிடம் இருக்கிறது. நாம் பெட்டியைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

பிடித்தால் விடாது

ஜூரோங் ஏரிப் பக்கம் நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் உடும்பைப் பார்த்திருப்பார்கள். புல்தரையில் சாவகாசமாக நடக்கும், பிடித்தால் விடாது. கைபேசிக்கும் அதே குணம். ஒரு பெட்டியைப் பிடித்துவிட்டால், அதன் அலை எவ்வளவு தேய்ந்தாலும் விடாமல் தொங்கும். பக்கத்திலேயே பலமான இன்னொரு பெட்டி இருந்தாலும் திரும்பிப் பார்க்காது. வேறு பெட்டியைத் தேடும் நேரத்தில் பேச்சு தடைபடும், மின்கலமும் கரையும். அதனால் தேடாமல் இருப்பதே லாபம் என்று அது கணக்குப் போடுகிறது.

அந்தக் கணக்கை ஆப்பிள் நிறுவனமே எழுதி வெளியிட்டிருக்கிறது. அலையின் பலத்தை டிபிஎம் என்ற அளவில் சொல்வார்கள். அது மைனஸ் எண். பூஜ்யத்தை விட்டு எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு பலவீனம். மைனஸ் 70-ஐவிடக் கீழே இறங்கும்வரை ஐஃபோன் வேறு பெட்டியைத் தேடத் தொடங்குவதில்லை. தேடிக் கண்டுபிடித்தாலும், தரவு போய்வந்துகொண்டிருக்கும்போது புதிய பெட்டி 8 டிபி கூடுதல் பலத்துடன் இருந்தால்தான் மாறும். சும்மா இருக்கும்போது 12 டிபி வேண்டும். 8 டிபி என்றால் ஏறக்குறைய ஆறு மடங்கு. 12 டிபி என்றால் பதினாறு மடங்கு. மேக் கணினி இன்னும் பிடிவாதம், அது மைனஸ் 75 வரை அசையாது. மற்ற நிறுவனங்களின் கைபேசிகளுக்கு வேறு வேறு எண்கள். ஒரே வீட்டில், ஒரே இடத்தில் நின்றாலும் கணவனின் கைபேசி மாறிவிடுவதும் மனைவியின் கைபேசி மாறாமல் இருப்பதும் இதனால்தான்.

பேச்சு தடையின்றி நடக்க, நிற்கும் இடத்தில் மைனஸ் 67 டிபிஎம்-ஆவது கிடைக்க வேண்டும் என்பது வலை அமைப்போர் பின்பற்றும் வழக்கம். ஒரு வாட்டை ஐந்நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு, அதுதான் மைனஸ் 67. இவ்வளவு சன்னமான இழையில்தான் கும்பகோணம் நம் காதுக்கு வருகிறது.

இரண்டு வீட்டுக்காரர்கள்

என் வீட்டுக்கு வருவோம். பூன் லே நிலையத்தில் இருந்து நடந்துவிடும் தூரத்தில் உள்ள வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி. நடுவில் பாம் ஷெல்டர். 1997-ல் நிறைவேறிய குடிமைத் தற்காப்புக் காப்பிடச் சட்டத்துக்குப் பிறகு கட்டப்பட்ட வீவக வீடுகளில் இந்த அறை உண்டு. கனத்த கான்கிரீட், உள்ளே நெருக்கமான இரும்புக் கம்பி, கனத்த இரும்புக் கதவு. வெடிகுண்டைத் தடுக்கக் கட்டியது வைஃபையையா விட்டுவைக்கும்? அந்தச் சுவரில் நினைத்த இடத்தில் துளை போடவும் விதிமுறை இடம் தராது. நம்மவர்கள் அதை அரிசி மூட்டை, பழைய பெட்டி, தீபாவளி விளக்கு எல்லாம் போடும் சாமான் அறையாக ஆக்கிவிட்டோம். போகிற போக்கில் வைஃபை பெட்டியையும் அதற்குள்ளேயே வைத்துவிடுகிறவர்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாது, அழகாக இருக்கும். அலையும் வெளியே தெரியாது.

என் முதல் பெட்டி கூடத்தில் இருந்தது. இரண்டாவது படுக்கையறையில். மூன்றாவதை, கடையில் சொன்னார்கள் என்று, இரண்டுக்கும் நடுவில் வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வலை வேலை பார்க்கும் நண்பரின் தம்பி வந்தார். எந்தப் பெட்டியையும் தொடவில்லை. என் கைபேசியை வாங்கி வைஃபை அமைப்புக்குள் போனார்.

"அண்ணே, கூடத்துல நில்லுங்க. ஐபி என்ன?"

"192.168.1.23."

"இப்ப ரூமுக்குப் போங்க."

"192.168.0.104."

"அவ்வளவுதாண்ணே. ஒரே வீட்டுல ரெண்டு வீட்டுக்காரங்க இருக்காங்க."

இரண்டாவது பெட்டியை நான் ரௌட்டராகவே விட்டிருந்தேன். அது தன் பங்குக்குத் தனி ஐபி முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது. கூடத்தில் ஒரு முகவரி, படுக்கையறையில் வேறு முகவரி. நடந்துகொண்டே பேசும்போது முகவரி மாறினால், மறுமுனைக்குப் போய்க்கொண்டிருந்த பேச்சு திரும்பிவர வழியில்லை. இதைத் தடங்கலின்றிச் சமாளிப்பது எந்தக் கைபேசிக்கும் கடினம். ஐந்து நிமிடத்தில் சரியானது. இரண்டாவது பெட்டியை அக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றினார். இனி அது முகவரி கொடுக்காது, அலை மட்டும் பரப்பும். பெயரும் கடவுச்சொல்லும் பாதுகாப்பு வகையும் எல்லாப் பெட்டியிலும் அச்சாக ஒன்றாக்கினார். ஒன்றில் டபிள்யூபிஏ2, இன்னொன்றில் டபிள்யூபிஏ3 என்று கலந்து கிடந்தது. பெயர் ஒன்றே என்றாலும் கைபேசிக்கு அவை இரண்டு வலைகள்.

வீடுகளில் வரும் ரோமிங் புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அலையை அளக்கும் முன் முகவரியைப் பாருங்கள்.

கோயில் ஒலிபெருக்கி

அடுத்து அவர் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. பெட்டிகளின் அலை பலத்தைக் குறைத்தார்.

"தம்பி, சிக்னல் போதலன்னுதானே கூப்பிட்டேன்?"

"அண்ணே, ஊர்த் திருவிழாவுல கூம்பு ஸ்பீக்கர் கட்டுவாங்கல்ல? மூணு ஊருக்குக் கேக்கும். மூணாவது ஊர்ல நின்னு நீங்க பதில் சொன்னா, மைக் பக்கத்துல இருக்கறவருக்குக் கேக்குமா?"

கேட்காது. பெட்டி சுவரில் செருகிய மின்சாரத்தில் கத்துகிறது. கைபேசியோ சின்ன மின்கலத்தில் முனகுகிறது. பெட்டியின் குரல் கைபேசிக்குப் பலமாகக் கேட்பதால் திரையில் நான்கு கோடும் நிற்கும். கைபேசி சொல்வது பெட்டியின் காதில் விழாது. "சிக்னல் ஃபுல்லா இருக்கு, ஆனா வேலை செய்யல" என்ற புலம்பலின் பொருள் இதுதான். இன்னொரு கேடும் உண்டு. கத்துகிற பெட்டி வீடு முழுக்கக் கேட்டால், உடும்புக்குப் பிடியை விட என்ன காரணம் இருக்கிறது? மைனஸ் 70-க்குக் கீழே இறங்கினால்தானே அது தேடவே தொடங்கும்.

ஆகவே பெட்டிகள் மெல்லப் பேச வேண்டும். ஒன்றின் எல்லையும் அடுத்ததன் எல்லையும் ஓரத்தில் கொஞ்சமாக மேல்விழ வேண்டும், அவ்வளவே. நடுவில் வைத்த மூன்றாவது பெட்டி இரண்டின் மேலும் முழுக்கப் படர்ந்து கிடந்தது. அதைக் கழற்றினோம். இருக்கும் இரண்டில், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றுக்கு 1-ம் எண் தடம், மற்றதற்கு 11. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 மூன்றுதான், அவற்றையும் மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்து வீடு எல்லாரோடும் பங்கிட வேண்டும். ஆகவே பேச்சுக்கு 5 கிகாஹெர்ட்ஸே நல்லது. அதிலும் ரேடாருடன் பகிரும் தடங்கள் உண்டு. அங்கே கைபேசி "யார் இருக்கீங்க?" என்று முந்திக் கேட்க முடியாது. பெட்டி தானாகப் பேசும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் புதிய பெட்டியைக் கண்டுபிடிக்கத் தாமதமாகும்.

நீண்ட தாழ்வாரம்

வீட்டில் அழைப்பு அறுந்தால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். அந்த அழைப்பு ஒன்றே வீடாக இருந்தவர்களும் சிங்கப்பூரின் இந்த மேற்குப் பகுதியில் இருந்தார்கள்.

2020 ஏப்ரலில் கொரோனா வெளிநாட்டு ஊழியர் விடுதிகளுக்குள் பரவியபோது, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் அறைகளுக்குள் அடைபட்டார்கள். தமிழ்நாட்டில் இருந்து கப்பல் பட்டறைக்கும் கட்டுமானத்துக்கும் வந்தவர்கள் அவர்களில் ஏராளம். அறைக்குப் பன்னிரண்டு, பதினாறு பேர். மனைவி முகம் பார்க்க ஒரே வழி வீடியோ அழைப்பு. அதுவரை விடுதி வைஃபை என்றால் பொழுதுபோக்கு. அன்று முதல் அது தண்ணீர், மின்சாரம் போல ஆனது. 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட புதிய விடுதித் தரநிலைகளில் படுக்கை இடைவெளி, கழிவறை எண்ணிக்கை ஆகியவற்றோடு வைஃபை வசதியும் இடம்பிடித்தது.

பெட்டி வைப்பதோடு வேலை முடிவதில்லை. விடுதி, தங்கும்விடுதி, மருத்துவமனை என்று நீண்ட தாழ்வாரம் உள்ள கட்டடங்களில் பலர் செய்யும் பிழை, பெட்டிகளைத் தாழ்வாரத்தின் கூரையிலேயே வரிசையாக மாட்டுவது. வேலை சுலபம், கம்பி இழுக்க வசதி. ஆனால் தாழ்வாரத்தில் தடையே இல்லாததால் ஒரு முனையில் நிற்கும் கைபேசிக்கு ஆறு பெட்டிகளும் பலமாகக் கேட்கும். அறைக்குள் போனால் சுவர் குறுக்கிட்டு எல்லாமே தேய்ந்துவிடும். தாழ்வாரக் கோடியில் பிடித்த பெட்டியையே கைபேசி அறைக்குள்ளும் பிடித்துக்கொண்டிருக்கும். பெட்டியை அறைக்குள், ஒரு பக்கம் ஒன்று மறுபக்கம் ஒன்று எனத் தாண்டித் தாண்டி வைத்தால் சுவரே நமக்கு வேலி கட்டிக்கொடுக்கும். அறை மாறினால் அலை சட்டென்று விழும். உடும்பும் பிடியை விடும்.

கே, வி, ஆர்

ஜூரோங் கிடங்குகளில் கதை இன்னும் கடினம். சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டுநர் ஸ்கேனரோடு இரும்பு அடுக்குகளுக்கு நடுவே போகிறார். ஒவ்வொரு திருப்பத்திலும் பெட்டி மாறுகிறது. நிறுவன வலைகளில் பொதுவாக ஒரே கடவுச்சொல் இருக்காது. ஒவ்வொரு கருவியும் ஒரு மைய சர்வரிடம் தன்னை நிரூபித்தாக வேண்டும். பெட்டி மாறும் ஒவ்வொரு முறையும் அந்த விசாரணை முழுக்கத் திரும்ப நடந்தால் திரை உறைந்து நிற்கும்.

இதற்கு மூன்று மருந்துகள் இருக்கின்றன, எல்லாம் 802.11 தரநிலைக் குடும்பத்துப் பிள்ளைகள். 2008-ல் வந்த 'கே', அக்கம்பக்கத்துப் பெட்டிகளின் பட்டியலைக் கைபேசிக்குத் தருகிறது. எல்லாத் தடத்தையும் துழாவ வேண்டியதில்லை. 2011-ல் வந்த 'வி', "அந்தப் பெட்டிக்குப் போனால் நல்லது" என்று பெட்டியைப் பேச வைக்கிறது. ஆனால் அது யோசனைதான், உத்தரவல்ல. பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று கைபேசி மறுத்தால் மறுத்ததுதான். 2008-ல் வந்த 'ஆர்', சாவியை முன்கூட்டியே தயார் செய்து வைத்து, அடுத்த வாசலில் முழு விசாரணை இல்லாமல் உள்ளே விடுகிறது.

மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு இயக்கிவிடவும் கூடாது. பழைய அச்சு இயந்திரம், பழைய ஸ்கேனர் சிலவற்றுக்கு 'ஆர்' என்ற சொல்லே புரியாது. அந்த வலையில் சேரவே மறுத்துவிடும். 2017-ல் பெல்ஜிய ஆய்வாளர் மாதி வான்ஹூஃப் வெளிப்படுத்திய 'கிராக்' என்ற பாதுகாப்பு ஓட்டை 'ஆர்' வசதியையும் தொட்டது. மென்பொருளைப் புதுப்பிக்காத பெட்டியில் வேகத்துக்காக அதை இயக்குவது பூட்டைக் கழற்றிவிட்டுக் கதவை வேகமாகத் திறப்பது போல.

இன்னொரு வேடிக்கை: கிடங்கு காலியாக இருக்கும்போது அலையை அளந்து பெட்டி மாட்டுவார்கள். சரக்கு வந்து அடுக்கு நிறைந்ததும் அளவெல்லாம் பொய்யாகிவிடும். தண்ணீர்ப் புட்டிகள் அடுக்கிய வரிசை அலையைக் குடித்துவிடும்.

இடமா, ஆளா?

கம்பியில்லாத் தொடர்பின் கோளாறை எப்படித் துப்பறிவது என்பதற்குச் சிங்கப்பூரிலேயே ஓர் அருமையான பாடம் உண்டு. 2016 ஆகஸ்டில் இருந்து வட்டப்பாதை ரயில்கள் காரணம் தெரியாமல் திடீர் திடீரென நின்றன. ரயிலுக்கும் சமிக்ஞைக் கட்டமைப்புக்கும் இடையிலான ரேடியோத் தொடர்பு அறுந்தால் அவசர பிரேக் தானாக விழும். எந்த நிலையம், எந்த நேரம், எந்த ரயில் என்று தேடினால் ஒழுங்கே பிடிபடவில்லை. எல்லா இடத்திலும் நடந்தது, எல்லா ரயிலுக்கும் நடந்தது.

நவம்பரில் அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பான கவ்டெக்கின் தரவு அறிவியலாளர்கள் அந்த நிகழ்வுகளை நேரம், இடம், திசை மூன்றையும் சேர்த்து ஒரே படத்தில் வரைந்தார்கள். புள்ளிகள் ஒரு சாய்கோட்டில் விழுந்தன. ஏதோ ஒன்று எதிர்த்திசையில் போய்க்கொண்டே, கடக்கும் ரயில்களை ஒவ்வொன்றாக நிறுத்துகிறது என்று புரிந்தது. அந்த ஏதோ ஒன்று இன்னொரு ரயில்: பிவி46. அதன் சமிக்ஞைக் கருவியில் இருந்த கோளாறு அக்கம்பக்கத்து ரயில்களைக் கெடுத்தது. பிவி46 மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்ததால் பாதிக்கப்பட்ட ரயில்களின் பட்டியலில் அதன் பெயரே இல்லை.

நம் வீட்டுக்கும் இதே பாடம்தான். "எங்கே அறுகிறது?" என்று மட்டும் கேட்காதீர்கள். "யாருக்கு அறுகிறது, எங்கிருந்து எங்கே போகும்போது அறுகிறது?" என்று கேளுங்கள். எல்லாருக்கும் ஒரே இடத்தில் அறுந்தால் பிழை பெட்டியில், சுவரில். ஒருவருக்கு மட்டும் எல்லா இடத்திலும் அறுந்தால் பிழை அந்தக் கைபேசியில். கூடத்தில் இருந்து அறைக்குப் போகும்போது அறுந்து, அறையில் இருந்து கூடத்துக்கு வரும்போது அறாமல் இருந்தால், கூடத்துப் பெட்டிதான் அளவுக்கு மீறிக் கத்துகிறது.

நீங்களே பார்க்க

• ஐபி: இரு பெட்டிகளின் அருகிலும் நின்று பாருங்கள். எண் மாறினால் இரண்டாவது பெட்டியை அக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

• எந்தப் பெட்டி: ஒவ்வொரு பெட்டிக்கும் பிஎஸ்எஸ்ஐடி என்ற தனி அடையாள எண் உண்டு. மேக் கணினியில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை சின்னத்தைத் தொட்டால் அதுவும் டிபிஎம்-மும் தெரியும். ஆண்ட்ராய்டுக்கு இலவசச் செயலிகள் கிடைக்கின்றன. நடந்துகொண்டே பாருங்கள். அடையாளம் எந்த இடத்தில் மாறுகிறது, மாறும்போது அலை எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். மைனஸ் 80 வரை மாறாமல் இருந்தால் உடும்பு சிக்கிவிட்டது.

• பலம்: பெட்டியில் 'அதிகபட்சம்' என்று இருப்பதை 'நடுத்தரம்' ஆக்குங்கள். மிகக் குறைந்த வேகங்களை நிறுத்தும் வசதி இருந்தால் நிறுத்துங்கள். தூரத்தில் தொங்கும் கைபேசி தானே விலகும்.

• கம்பி: பெட்டிகளுக்கு இடையே கம்பி இழுக்க முடிந்தால் இழுங்கள். காற்றில் வாங்கிக் காற்றிலேயே திரும்பக் கொடுக்கும் ரிப்பீட்டர் வேகத்தில் பாதியை விழுங்கும்.

• ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

அடுத்து வரவிருக்கும் வைஃபை 8 தரநிலையில், பெட்டி மாறும்போது தொடர்பு அறாமல் இருப்பதே முக்கிய இலக்குகளில் ஒன்று. கைபேசிக் கோபுரங்கள் எப்போதோ செய்த வேலைக்கு வைஃபை இப்போதுதான் வந்து சேர்கிறது. அது வரும்வரை நம் வேலை ஒன்றுதான்: கைபேசிக்கு உத்தரவு போட முடியாது, அது விலகத் தோன்றும்படி வீட்டை அமைக்கலாம்.

போன வாரம் அம்மா அழைத்தபோது கூடத்தில் எடுத்து, பேசிக்கொண்டே படுக்கையறைக்குப் போய், மறுபடி அடுப்படிக்கு வந்தேன். "என்னடா இது, நடந்துகிட்டே இருக்க? ஒரு இடத்துல உக்காந்து பேசேன்" என்றார். குரல் வரவில்லை என்று சொல்லவில்லை.

மூன்றாவது பெட்டி இப்போது பாம் ஷெல்டருக்குள், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மின்சாரம் கொடுக்கவில்லை.